வீணான துண்டுகளை எறியாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில், உயர்நிலை நான்கில் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்காக என் தாத்தாவுக்கு ஒரு படிப்பு விளக்கு செய்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாக என் கையில் கொடுத்து, "நீயே பதில் எழுதிவிடம்மா" என்றார். நான் இப்போது சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயர்நிலை ஒன்றில் முதன்முதலாக ரம்பத்தைப் பிடித்ததிலிருந்து ஏழு ஆண்டுகளாகப் பட்டறையில் நிற்கிறேன். அங்கே என் கையில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"அக்கா, நான் நன்றாக அளந்து, கோடு போட்டுத்தான் பலகையை அறுக்கிறேன். ஆனால் அறுத்தபின் அளந்தால் ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் குறைகிறது. ஏன்?" — தெம்பனிஸ், உயர்நிலை ஒன்று மாணவன்

தம்பி, நீ அளந்ததில் பிழை இல்லை. ரம்பம் தின்னும் மரத்தை நீ கணக்கில் சேர்க்கவில்லை.

ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பற்களின் வரிசையை நுனியிலிருந்து பார். ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமுமாகச் சற்றே வளைந்திருக்கும். தகடு மரத்துக்குள் இறுகிக்கொள்ளாமல் ஓட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் அறுபடும் பள்ளம் தகட்டின் தடிப்பைவிட அகலமாக இருக்கும். எங்கள் பள்ளியில் இருந்த ரம்பங்கள் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தின்னும். கோட்டின் மேலேயோ உட்பக்கமோ நீ அறுத்தால் அந்த ஒன்றரையும் உன் துண்டிலிருந்து போகிறது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் இன்னும் அரை போகும். இரண்டையும் கூட்டிப் பார்.

கோடு போட்டவுடன், உனக்கு வேண்டாத பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடு. ரம்பம் அந்தப் பக்கத்தில்தான் ஓட வேண்டும். அறுத்து முடித்தபின்னும் கோடு உன் துண்டின் மேல் முழுதாகத் தெரிய வேண்டும். அந்தக் கோடு வரைக்கும் பிறகு தேய்த்துக்கொள்ளலாம். மழுங்கிய பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்பதால், கடைசி அளவைக் கத்தி முனையால் கீறிப் பழகு. கீறிய இடத்தில் மேல் நார் ஏற்கெனவே அறுந்திருக்கும். அறுக்கும்போது விளிம்பு சிதறாது.

தொடங்கும்போது கட்டைவிரல் கணுவைத் தகட்டுக்கு அண்டைகொடுத்து, ரம்பத்தை உன் பக்கமாக இரண்டு மூன்று முறை இழு. ஒரு சின்னத் தடம் விழும். பிறகு முழு நீளத்துக்கும் ஓட்டு, அழுத்தாதே. தோள், முழங்கை, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். "ரம்பம் தன் எடையில் அறுக்கும், நீ வழியை மட்டும் காட்டு" என்பார் என் தாத்தா. அழுத்தினால்தான் அது வழி தவறுகிறது.

"என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பட்டறைப் பாடத்தில் வீணாகிப்போன மரத்துண்டு, பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் சேர்க்கிறான். எறியச் சொன்னால் அவன் முகம் வாடிவிடுகிறது. கணிதத்துக்குச் செலவிட வேண்டிய நேரமும் இதில் போகிறது. என்ன சொல்லித் திருத்துவது?" — ஜூரோங் வெஸ்ட் வாசகி

அம்மா, எறியச் சொல்லாதீர்கள். இந்தக் கட்டில் வந்த கேள்விகளிலேயே உங்களுடையதற்குத்தான் நான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அந்த விளக்கைச் செய்தபோது வீணான துண்டுகள் அதில் கிடக்கின்றன. விளக்கு இப்போது ஈசூனில் தாத்தா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. டின்னை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதில் முதல் துண்டு நியாத்தோ மரத்தில் செய்த ஒரு கால். விளக்குக்கு இரண்டு கால்கள். ஒன்று மற்றதைவிட 2 மில்லிமீட்டர் குட்டை, அத்துடன் அடிப்பாகம் சாய்வு. மேசைமேல் வைத்தால் விளக்கு ஆடியது. புது மரம் கேட்டு ஆசிரியரிடம் போனேன். "ஏன் இப்படி ஆனது என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவா, தருகிறேன்" என்றார். "அளவு தப்பிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். "இது என்ன ஆனது என்பதற்குப் பதில். நான் ஏன் என்று கேட்டேன்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

இரண்டு நாள் அந்தக் காலைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் நாள் மாலை, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை அதன் நான்கு பக்கங்களிலும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு பக்கத்தில் மூலைமட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒளி கசிந்தது. இழைத்து நேராக்காத பக்கம் அது. நான் அந்தப் பக்கத்தில் மூலைமட்டத்தை அணைத்துத்தான் கோடு போட்டிருக்கிறேன். அளவுகோல் சரி, கண் சரி, கை சரி. எதன் மேல் சாய்ந்து அளந்தேனோ அது கோணல். முதலில் ஒரு முகத்தையும் அதற்கடுத்த ஓரத்தையும் நேராக்கி, குறியிட்டு, எல்லா அளவையும் அந்த இரண்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்று வகுப்பில் மூன்று முறையாவது சொல்லியிருப்பார்கள். காதில் விழுந்தது கைக்கு இறங்க அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது.

அடுத்த துண்டு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் பிளாஸ்டிக். கண்ணாடிபோல் தெளிவானது. சூடான கம்பியின் மேல் வைத்து, ஒரு கோடு மட்டும் இளகியதும் வளைத்து விளக்கின் தொப்பியாக்க வேண்டும். அக்ரிலிக் ஏறத்தாழ 150, 160 பாகை செல்சியஸில் வளைய இணங்கும். பொறுமையாக இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சூடேற்ற வேண்டியதை, மணியடிக்கப் போகிறதே என்ற அவசரத்தில் கம்பிக்கு மிக அருகில் ஒரே பக்கமாக வைத்துவிட்டேன். வளையும் இடமெல்லாம் குமிழ்கள். அக்ரிலிக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் அந்த ஈரம் உள்ளேயே குமிழாகிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

அந்தத் துண்டை அன்றே எறிந்திருந்தால் என் விளக்கே வேறாகியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சும்மா ஒரு பல்புக்கு முன்னால் பிடித்தேன். தெளிவான பகுதி வழியாகப் பல்பு கண்ணைக் குத்தியது. குமிழ் விழுந்த பகுதியில் ஒளி பரவி, மென்மையாக இறங்கியது. தாத்தா செய்தித்தாள் படிக்கத் திணறியதற்குக் காரணம் வெளிச்சம் போதாமை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அவரையே அருகில் உட்காரவைத்துக் கேட்டேன். "வெளிச்சம் இருக்கிறது, தாளில் பட்டுத் திரும்பிக் கண் கூசுகிறது" என்றார். மறுநாள் புதுத் தகட்டின் உட்பக்கத்தை 400ஆம் எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்துப் பனிபடர்ந்ததுபோல் ஆக்கினேன். விளக்கில் எல்லாரும் பாராட்டும் பகுதி அதுதான். குமிழ் விழுந்த அந்தத் துண்டு இல்லையென்றால் எனக்கு அது தோன்றியிருக்காது.

மூன்றாவது, வளைக்கும்போது வெடித்த அலுமினியப் பட்டை. இதற்கு ஆசிரியர் காட்டிய வழியை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மகிழ்வான். பட்டையின் மேல் சாதாரணச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுச் சூடேற்ற வேண்டும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடக்கூடியது. நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிய வழியில்லை. சவர்க்காரம் கறுத்ததும் போதுமான சூடு வந்துவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்தி ஆறவிட்டால் உலோகம் மென்மையாகிவிடும். பிறகு வெடிக்காமல் வளையும். இதைப் பள்ளிப் பட்டறையில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

கணிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இன்றிரவு உங்கள் மகனிடம், "ஒரு பெட்டியின் நான்கு மூலையும் செங்கோணமா என்று மூலைமட்டம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வந்தால் செங்கோணம்தான் என்று சொல்வான். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் பட்டறையில் தெரிந்துகொள்வான். பித்தாகரஸ் தேற்றத்தை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது உயர்நிலை இரண்டில். அதை நம்பியது 30, 40, 50 மில்லிமீட்டர் என்று குறித்து ஒரு மூலையைச் சரிபார்த்த நாளில்தான்.

மேசைக்கு அடியில் குவிவது உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் அவனுக்கு ஒரு டின் கொடுங்கள். டின் கொள்ளும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒட்டுநாடா ஒட்டி, நாளையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத துண்டை வேண்டுமானால் எறியட்டும்.

"எல்இடி, சுவிட்ச், மின்தடை போன்ற சிறு பொருள்களையும் அக்ரிலிக் தகடுகளையும் எங்கே வாங்குவது?" — பொங்கோல் வாசகர்

மின்னணுப் பொருள்களுக்கு ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். அருகிலிருக்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, பெயரைக் கவனியுங்கள். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். கடைக்காரர்களிடம் மின்சுற்றுப் படத்தைக் காட்டினால் என்ன வேண்டும் என்று அவர்களே எடுத்துத் தருவார்கள். அக்ரிலிக், நுரைப்பலகை போன்றவற்றுக்குப் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். எதை வாங்கும் முன்னும் பள்ளிப் பட்டறையின் மீதிப் பெட்டியைப் பாருங்கள். என் விளக்கின் அடிப்பலகை அதிலிருந்து எடுத்ததுதான்.

"என் மகள் சாதாரண நிலைத் தேர்வுக்கான செயல்திட்டத்தை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. பாதிகூட முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். மகள் வரைந்ததை அப்படியே அழகாகச் செய்துதருவதாகச் சொல்கிறார். வடிவமைப்பு அவளுடையதுதானே, இதில் என்ன தவறு?" — செங்காங் வாசகர்

ஐயா, தவறுதான். வயதில் சிறியவள் இப்படி நேராகச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு விதி தெளிவாக இருக்கிறது. ஒப்படைக்கும் வேலை மாணவர் தாமே செய்ததாக இருக்க வேண்டும். நான் எழுதிய ஆண்டில் மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு செயல்திட்டத்துக்கு. அதிலும் முடிந்த பொருள் ஒரு பகுதி மட்டுமே. எப்படிச் சிந்தித்தோம், எதைச் சோதித்தோம், எதை ஏன் மாற்றினோம் என்று பக்கம் பக்கமாக வரைந்து எழுதும் குறிப்பேடுதான் அதன் முதுகெலும்பு. வேறொருவர் கை செய்த பொருளுக்கு உங்கள் மகள் அந்தக் குறிப்பேட்டில் என்ன எழுதுவாள்? பொய் எழுத வேண்டியிருக்கும். பதினாறு வயதுப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. தாத்தா 1965இல், பதினேழு வயதில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர் வேலை பழகச் சேர்ந்தவர். 1968இல் அது செம்பவாங் கப்பல் பட்டறையானபோதும் அங்கேயே தொடர்ந்தார். இரும்பில் அரம் போடுவது அவருக்கு மூச்சு விடுவதுபோல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுமினியப் பட்டையின் ஓரத்தை நான் அவர் வீட்டு மேசையில் கவ்விப் பிடித்து அராவிக்கொண்டிருந்தேன். நான் குளிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு ஓரத்தை அவர் முடித்துவிட்டார். கண்ணாடிபோல் இருந்தது. மறு ஓரம் என்னுடையது, அலையலையாக இருந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் கட்டைவிரலால் இரண்டு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். "இந்த ஓரம் யார் செய்தது?" என்றார். உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. புதுப் பட்டை ஒன்றை எடுத்து வைத்தார், அவ்வளவுதான். நான்கு வாரமாகச் செய்தது போயிற்று. எனக்கு வந்த கோபம் முழுவதும் தாத்தாவின் மேல். அவர் அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாசத்தால் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழவழப்பான ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் ஓரம் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. அதுதான் அந்த உதவியால் எனக்கு நேர்ந்த கேடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாய் மட்டும் பேசியது. "அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது அழுத்தாதே, பல் மழுங்கும்." "பல்லுக்குள் அலுமினியம் அடைக்கிறது பார், சாக்கட்டி தேய்த்துவிட்டுப் போடு." "கடைசியில் அரத்தைக் குறுக்கே பிடித்து, இரு கையாலும் நீளவாக்கில் இழு, அலை போய்விடும்." மூன்று ஞாயிறுகளில் என் ஓரம் அவருடையதுபோல் ஆகவில்லை. ஆனால் நேராக வந்தது, அது என்னுடையது.

உங்கள் நண்பரிடம் அதையே கேளுங்கள். பள்ளி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மாலை உங்கள் மகளுக்கு வீண் துண்டுகளில் செய்துபார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும். அவளுடைய செயல்திட்டத்தின் மேல் அவர் கை படக்கூடாது. பிறகு வடிவமைப்பில் எதைக் குறைக்கலாம் என்று மகளே முடிவு செய்யட்டும். ஒரு இழுப்பறை, ஒரு அலங்கார வளைவு போகலாம். ஏன் குறைத்தாள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதலாம். மூன்று வாரம் போதும்.

"வகுப்பில் 18 பேரில் நானும் இன்னொருத்தியும்தான் பெண்கள். துளையிடும் இயந்திரத்துக்குப் பையன்கள் முந்திக்கொள்கிறார்கள். 'நீ வரைந்து கொடு, நாங்கள் செய்கிறோம்' என்கிறார்கள். உண்மையில் எனக்கும் அந்த இயந்திரத்தைக் கண்டால் பயம்தான்." — உட்லண்ட்ஸ், உயர்நிலை மூன்று மாணவி

தங்கையே, வரைந்து கொடுக்கும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதே. அவர்கள் நல்லெண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் அவர்கள் கையில் பழக்கம் இருக்கும், உன் கையில் இருக்காது.

1960களின் இறுதியில், தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்று நம் அரசாங்கம் உயர்நிலைப் பள்ளிகளில் உலோக வேலை, மர வேலை, தொழில்நுட்ப வரைபடம் எல்லாவற்றையும் கொண்டுவந்தபோது, பையன்களோடு பெண்களில் ஒரு பகுதியினரும் பட்டறைக்குப் போனார்கள். பிறகு நெடுங்காலம் பையன்களுக்குப் பட்டறை, பெண்களுக்குச் சமையலறை என்று பிரிந்திருந்தது. இன்று உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் இரண்டையும் எல்லாருமே படிக்கிறார்கள். நீ நிற்கும் இடம் யாரும் உனக்கு இரவல் கொடுத்தது இல்லை.

என் பாட்டி 1970களில் காலாங் பேசினில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சால்டரிங் வேலை, அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் வேலை, பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் சூடான இரும்புமுனையை முதலில் பிடித்தது ஒரு பெண் கைதான். அந்த வேலையைப் பாட்டி யாரிடமும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்கத் தொடங்கியபின்தான் பேசினார்.

பயத்தைப் பற்றி: இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றதும் முதலில் அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று பார். ஓடாத இயந்திரத்தில் இரண்டு மூன்று முறை அதை அழுத்திப் பழகு. தலைமுடியைக் கட்டு, கழுத்துப் பட்டையைக் கழற்று, பாதுகாப்புக் கண்ணாடி அணி. கையுறை வேண்டாம், சுழலும் துளையூசி துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். துளையூசியை இறுக்கும் சாவியைக் கழற்றிக் கீழே வைத்தபின்தான் சுவிட்சைத் தொட வேண்டும். துண்டைக் கையால் பிடிக்காமல் கவ்வியில் இறுக்கு, அடியில் ஒரு வீண் பலகை வை. அக்ரிலிக் என்றால் துளை மறுபக்கம் எட்டும் தருணத்தில் கையின் வேகத்தைக் குறை, அங்கேதான் வெடிக்கும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சுகிற பயம் கொஞ்சம் இருக்கட்டும். எனக்கு இன்றும் இருக்கிறது.

முந்திக்கொள்கிறவர்களைச் சமாளிக்க ஆசிரியரிடம் நேரப் பட்டியல் ஒன்று கேள். இயந்திரத்தின் பக்கத்தில் தாள் ஒட்டி, பெயர் எழுதிய வரிசையில் போகும் முறையை எங்கள் வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள் கேட்டுத்தான் வாங்கினோம். பையன்களும் அதைப் பிறகு விரும்பினார்கள்.

"9 வோல்ட் பேட்டரியில் எல்இடியை இணைத்தேன். பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. மறுபடி எரியவே இல்லை." — புக்கிட் பாஞ்சாங், உயர்நிலை நான்கு மாணவன்

அது கருகிவிட்டது. எல்இடிக்குத் தானாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. சூடேறச் சூடேற இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஒரு மின்தடை கட்டாயம் வேண்டும்.

கணக்கு எளிது. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 7ஐ 0.02ஆல் வகு. 350 ஓம் வரும். கடையில் அந்த எண் எளிதில் கிடைக்காது, அடுத்த பெரிய எண்ணாகிய 390ஐ வாங்கு. ஆரஞ்சு, வெள்ளை, பழுப்புப் பட்டைகள் இருக்கும். வெள்ளை எல்இடி என்றால் 3 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடு, 330 போதும். நீளமான கால் நேர்முனைக்கு.

சால்டரிங்கில் பாட்டி சொன்னது ஒன்று: "கம்பியையும் தகட்டையும் சுட வை. ஈயத்தை அவற்றில் தொடு, இரும்பில் தொடாதே." இரண்டும் சூடாக இருந்தால் ஈயம் தானே ஓடிப் படரும், மலையடிவாரம்போல் சரிந்து மினுங்கும். மங்கிய உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை. கருகிய எல்இடியை எறியாதே, ஒட்டுநாடாவில் எழுதி வை.

"இந்தப் பாடம் எடுத்ததால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும்போது பயன் இருந்ததா?" — சுவா சூ காங், உயர்நிலை நான்கு மாணவி

இருந்தது. தேர்வு முடிவுக்கு முன்பே, ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கை முறையில் விண்ணப்பித்தேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. நேர்முகத்துக்கு விளக்கின் படங்களோடு அந்த டின்னையும் எடுத்துப்போனேன். படங்களை ஒரு முறை பார்த்தார்கள். மிச்ச நேரமெல்லாம் டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, "இது ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், அதற்கு இப்போதே எழுதி வை.

"கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைய பிள்ளைகளுக்கு அரம், உளி, குறடு என்ற சொற்களாவது தமிழில் தெரியுமா?" — செம்பவாங் வாசகர்

ஐயா, உங்கள் கேள்வியைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். உங்களைத் தெரிந்திருக்குமோ என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். என் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் ரம்பமும் சுத்தியலும் எல்லாருக்கும் தெரியும், அரம் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த சொற்கள்தான். தட்டையரம், அரைவட்ட அரம், முக்கோண அரம். திருப்புளி, உளி, கொட்டாப்புளி, இழைப்புளி. "அராவு" என்று ஒரு வினைச்சொல் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தேய்ப்பது வேறு, அராவுவது வேறு என்று அவர் சொன்னபின், கை செய்வதில்கூட வேறுபாடு தெரிந்தது. அவருடைய மலாய் மேலாளர் "கிக்கிர்" என்பாராம், இவர் அரம் என்பாராம், கருவிக் கிடங்கில் ஆங்கிலப் பெயரில் எழுதி வாங்குவார்களாம். மூன்று பெயரும் இவருக்கு ஒன்றுபோல வருகிறது.

டின்னில் முதல் துண்டுகளின் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தாத்தாவுக்குப் படிக்க வேண்டுமே என்று பிறகு தமிழில் எழுதத் தொடங்கினேன். "அவசரம்." "சூடு மிகுதி." "நாரின் போக்கைப் பார்க்கவில்லை." தமிழில் எழுதும்போது காரணம் இன்னும் சுருக்கமாக வருகிறது.

ஒரு சொல் மட்டும் கிடைக்கவில்லை. பட்டறை மேசையில் பூட்டியிருக்குமே, துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், அதற்கு உங்கள் ஆட்கள் என்ன பெயர் சொன்னார்கள்? தாத்தா "வைசு" என்றே சொல்கிறார், வேறு பெயர் இருந்ததாக நினைவில்லை என்கிறார். உங்களுக்கு நினைவிருந்தால் இதழுக்கு எழுதுங்கள். நான் படித்துக் காட்ட வேண்டியதில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு அவரே படித்துக்கொள்வார்.